கண்டிராக்டர் பதிவும் கூலியாள் கதியும்

கட்டட வேலையைக் கண்டிராக்டு எடுப்பவர்கள் ஆட்களை வைத்து வேலை வாங்கச் சர்க்காரிடம் லைசென்சு பெறவேண்டும் என்றும், வேலையை விடுகின்றவர்கள் தங்கள் ஸ்தாபனத்தைப் பதிவு செய்து கொள்ள வேண்டும் என்றும் இந்த நாட்டில் 1970ல் ஒரு சட்டம் செய்தார்கள். கண்டிராக்டர் என்றால் அவரிடமிருந்து வேலையைக் கூறுபோட்டு வாங்கிக் கொள்ளுகின்ற சப் கண்டிராக்டரும் அதில் அடக்கம் என்று அந்தச் சட்டமே விளக்கமாகச் சொல்லிற்று. பிறகு கட்டடத் தொழிலாளருக்கென்றே 1996ல் தனிச் சட்டமும் வந்தது. இப்போது அவை இரண்டும் போய், 2020ல் இயற்றப்பட்ட புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கின்றது. அதிலும் சப் கண்டிராக்டர் கண்டிராக்டரேதான் என்று எழுதப்பட்டிருக்கின்றது.

ஆகவே சட்டப் புத்தகத்தை மாத்திரம் படிக்கின்றவர்களுக்கு இதில் யாதொரு குறையும் தோன்றாது. ஆனால் தோழர்களே, உங்கள் ஊரில் எழும்புகின்ற ஏதாவது ஒரு கட்டடத்தின் முன் போய் நின்று, ஜல்லி சுமக்கும் ஒரு சித்தாளைப் பார்த்து, "அம்மா, உனக்குக் கூலி கொடுப்பவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். "மேஸ்திரி" என்பாள். "மேஸ்திரிக்கு மேலே யார்?" என்று கேளுங்கள். "யாரோ இன்ஜினியர் வருவார், போவார்" என்பாள். "அந்த மேஸ்திரி பெயர் எங்கேயாவது பதிவாகி இருக்கிறதா? உன் பெயர் எந்தப் புத்தகத்திலாவது இருக்கிறதா?" என்று கேட்டால், அவள் சிரித்துவிட்டுச் சட்டியைத் தூக்கிக் கொண்டு போய்விடுவாள்.

அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் என்ன? சர்க்கார் புத்தகம் மேல்படியில் இருக்கின்றவன் பெயரோடு நின்றுவிடுகின்றது. சாகக்கூடிய இடத்தில் நிற்கின்றவளும், அவளை அங்கே நிறுத்தியவனும் அந்தப் புத்தகத்தில் இல்லை. இதைத்தான் இன்று நாம் எடுத்துப் பேச விரும்புகின்றோம்.

வேலை கைமாறும் விதம்

ஒரு பெரிய கட்டடம் எழும்புகின்ற விதத்தைச் சற்றுக் கவனிப்போம். சொந்தக்காரரோ, கம்பெனியோ, சர்க்கார் இலாகாவோ வேலையை மொத்தமாக ஒரு பெரிய கண்டிராக்டரிடம் விடுகின்றார்கள். அவர் மண்வேலையை ஒருவரிடமும், கம்பி கட்டுவதை ஒருவரிடமும், சென்டரிங்கை ஒருவரிடமும், கல்கட்டு, பூச்சு, வர்ணம் என்று ஒவ்வொன்றை ஒவ்வொருவரிடமும் விடுகின்றார். அவரவரும் தம் பங்கை லேபர் கண்டிராக்டு என்று ஒரு மேஸ்திரியிடம் தள்ளுகின்றார்கள். மேஸ்திரி, வெளியூரிலோ வெளி ராஜ்யத்திலோ இருக்கின்ற ஆள் பிடிக்கும் தரகனுக்குச் சொல்லியனுப்புகின்றார். தரகன் முன்பணம் கொடுத்து ஆட்களை ரயிலேற்றி அனுப்புகின்றான்.

இதில் ஒவ்வொரு கைக்கும் ஒரு பங்கு உண்டு. கணக்குக்காகச் சொந்தக்காரர் கொடுப்பது 100 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு கையும் தான் வாங்கியதில் நூற்றுக்குப் பத்து எடுத்துக் கொண்டு மீதியைக் கீழே தள்ளுகின்றது என்று குறைவாகவே வைத்துக் கொள்ளுவோம். முதல் கை தாண்டினால் 90. இரண்டாம் கை தாண்டினால் 81. மூன்றாம் கை தாண்டினால் 72 ரூபாய் 90 காசு. நான்காம் கை தாண்டினால் 65 ரூபாய் 61 காசு. இந்தப் பணத்தில்தான் வேலை முழுவதும் முடிய வேண்டும். கம்பிக்கும் சிமெண்டுக்கும் கடையில் விலை ஒன்றுதான். அது எந்தச் சப் கண்டிராக்டருக்காகவும் இறங்காது. அப்படியானால் கடைசிக் கை எதைக் குறைக்கும்? கூலியைக் குறைக்கும். ஆளைக் குறைக்கும். சாரத்துக்கு வேண்டிய மூங்கிலையும் கயிற்றையும் குறைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக நாளைக் குறைக்கும்.

நாளைக் குறைப்பது என்றால் என்னவென்று தொழில் தெரிந்தவர்கள் அறிவார்கள். மற்றவர்களுக்காகச் சொல்லுகின்றோம். கான்கிரீட் தளம் போட்டால் அதன் கீழே கொடுத்த முட்டுகளை இத்தனை நாள் வரையில் எடுக்கக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயத்தில் கணக்கு இருக்கின்றது. சாதாரணச் சிமெண்டு போட்ட தளத்தில் நாலரை மீட்டர் அகலம் வரைக்கும் 7 நாள். அதற்கு மேற்பட்டால் 14 நாள். போட்ட கான்கிரீட் காயாதபடி குறைந்தது 7 நாளாவது தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருக்க வேண்டும். கலப்புச் சிமெண்டாக இருந்தால் 10 நாள். இந்த நாட்களில்தான் கான்கிரீட்டுக்குப் பலம் ஏறுகின்றது. ஆனால் சென்டரிங் எடுத்தவனுக்கு அவன் பலகையும் முட்டும் அடுத்த இடத்தில் வாடகை சம்பாதிக்க வேண்டும். அவன் எப்போது கழற்றலாம் என்று பார்க்கின்றான். தண்ணீர் விடுவது யார் வேலை? கம்பி கட்டினவன் வேலையை முடித்துக் கொண்டு போய்விட்டான். கான்கிரீட் போட்டவன் கணக்கை முடித்துக் கொண்டு போய்விட்டான். பூச்சுக்காரன் இன்னும் வரவில்லை. இந்த இடைவெளியில் அந்தத் தளத்துக்கு ஜவாப்தாரி எவன்? அவன் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கின்றது?

பெயர் இல்லாத இடத்தில் பொறுப்பும் இருப்பதில்லை. கண்டிராக்டர் பதிவு என்பது ஏதோ ஆபீசு குமாஸ்தாக்கள் சம்பந்தப்பட்ட சங்கதி என்று எண்ணுகின்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டுகின்றோம்.

டில்லியில் நடந்தது

சப் கண்டிராக்டருக்குப் பெயர் இல்லாமல் போனால் கூலியாள் கதி என்னவாகும் என்பதற்கு இந்த நாட்டின் சுப்ரீம் கோர்ட்டே ஒரு சாட்சி வைத்திருக்கின்றது. 1982ல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடத்துவதற்காக மைதானங்களும் மேம்பாலங்களும் அவசரம் அவசரமாகக் கட்டினார்கள். வேலையை விட்டது சர்க்காரும் சர்க்கார் சார்ந்த ஸ்தாபனங்களும். எடுத்தவர்கள் கண்டிராக்டர்கள். ஆட்களைக் கொண்டு வந்தவர்கள் ஜமேதார் என்று சொல்லப்படும் மேஸ்திரிகள். ராஜஸ்தானிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் ஏழைகள் வந்தார்கள்.

சட்டப்படி அன்றைக்குக் குறைந்தபட்சக் கூலி நாள் ஒன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. கண்டிராக்டர்கள் அந்தத் தொகையை ஜமேதார்களிடம் கொடுத்தார்கள். ஜமேதார்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் தரகு என்று பிடித்துக் கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தார்கள். பெண்களுக்கு 7 ரூபாய் மாத்திரம் கொடுத்துவிட்டு மீதியை விழுங்கினார்கள் என்ற புகாரும் கோர்ட்டில் வந்தது. ஒரு பொதுநலச் சங்கத்தார் இதைக் கோர்ட்டுக்குக் கொண்டு போன போது, "ஆட்கள் எங்கள் ஆட்கள் அல்ல, கண்டிராக்டர் ஆட்கள்" என்பதுதான் மேலே இருந்தவர்களின் சமாதானமாக இருந்தது.

கோர்ட்டு அதை ஒப்புக்கொள்ளவில்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23வது பிரிவு தடுத்திருக்கின்ற கட்டாய உழைப்பே ஆகும் என்றும், கண்டிராக்டரைக் கைகாட்டிவிட்டு வேலை கொடுத்த சர்க்கார் தப்பித்துக் கொள்ள முடியாது என்றும் தீர்ப்புச் சொல்லிற்று. நல்ல தீர்ப்பு. ஆனால் நாம் கேட்பது வேறு. அந்த ஒரு ரூபாயைப் பிடித்த ஜமேதாரின் பெயர் முதலிலேயே புத்தகத்தில் ஏறி, கூலி கொடுக்கும்போது வேலை கொடுத்தவரின் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தால், சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் இது போயிருக்குமா? அப்படி ஓர் ஆள் நிற்கவேண்டும் என்று 1970 சட்டத்திலேயே எழுதியிருந்ததே! எழுதிய சட்டம் மேல்படியிலேயே நின்று விட்டது. ஜமேதார் அதற்கு ஒரு படி கீழே நின்று கொண்டான்.

மௌலிவாக்கத்தில் நடந்தது

டில்லிக்கதை கூலியைப் பற்றியது. உயிரைப் பற்றிய கதை சென்னைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றது. 2014 ஜூன் 28ந்தேதி சாயந்திரம், மௌலிவாக்கத்தில் கட்டிக் கொண்டிருந்த 11 அடுக்குக் கட்டடம் மழையில் அப்படியே உட்கார்ந்து விட்டது. 61 பேர் மாண்டார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்த கூலியாட்கள் அவர்களில் அநேகர். இடிபாட்டைக் கிளற ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று. உள்ளே எத்தனை பேர் அகப்பட்டிருக்கின்றார்கள் என்று உறுதியாகச் சொல்ல அன்றைக்கு ஒரு சரியான கணக்கு இல்லை. பக்கத்தில் அதே மாதிரி நின்ற இரண்டாவது கட்டடத்தை 2016 நவம்பர் 2ந்தேதி சர்க்காரே வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று.

விழுந்த அன்று இடி விழுந்ததால் விழுந்திருக்கலாம் என்று ஒரு பேச்சுக் கிளம்பிற்று. அதே மழையில், அதே இடி முழக்கத்தில் சென்னையில் ஆயிரக்கணக்கான கட்டடங்கள் நின்று கொண்டுதானே இருந்தன? "விதி முடிந்தது, போனார்கள்" என்று சொல்லுகின்றவர்களுக்கும் இதையே சொல்லுகின்றோம். மண்ணைப் பரிசோதித்தவன் யார், தூணுக்குக் கணக்குப் போட்டவன் யார், கம்பி கட்டியவன் யார், அதைப் பார்த்துச் சரியென்றவன் யார் என்று நாலு பெயரைக் கேட்க வேண்டிய இடத்தில் விதியின் பெயரைச் சொன்னால், லாபம் அந்த நாலு பேருக்குத்தான். விதியை எந்தக் கோர்ட்டும் கூண்டில் ஏற்றப் போவதில்லை.

அதற்குப் பிறகு சில காரியங்கள் நடந்திருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. 2016ல் மத்திய சர்க்கார் செய்த ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ 8 வீட்டுக்கு மேலோ கட்டி விற்கின்றவர் அந்தத் திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும். வீட்டை ஒப்புவித்து 5 வருஷத்துக்குள் கட்டுமானத்தில் குறை கண்டால் இனாமாகத் திருத்திக் கொடுக்க வேண்டும். நல்லதுதான். ஆனால் இதெல்லாம் வீடு வாங்குகின்றவரின் பணத்துக்குக் காவல். வீடு கட்டுகின்றவனின் எலும்புக்குக் காவல் எங்கே? விற்பவர் பெயர் பதிவாகின்றது, விற்றுக் கொடுக்கும் ஏஜண்டு பெயர் பதிவாகின்றது. சென்டரிங் எடுத்தவன் பெயரை இந்தச் சட்டம் கேட்பதில்லை.

20 போய் 50

இது இப்படி இருக்க, புதிய சட்டத்தில் செய்திருக்கின்ற ஒரு மாறுதலைப் பாருங்கள். பழைய 1970 சட்டப்படி 20 ஆள் வைத்திருக்கின்ற கண்டிராக்டர் லைசென்சு வாங்க வேண்டும். அப்போதே கண்டிராக்டர்கள் வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் 19 ஆள் என்று கணக்குக் காட்டிச் சட்டத்துக்கு வெளியே நின்றால் யார் என்ன செய்ய முடியும்? இந்த ஓட்டையை அடைப்பார்கள் என்று பார்த்தால், 20 என்பதை 50 ஆக்கியிருக்கின்றார்கள். வெளி ராஜ்யத்து ஆட்களைப் பற்றிய 1979 சட்டத்தில் 5 ஆள் என்று இருந்ததை 10 ஆக்கியிருக்கின்றார்கள்.

கட்டட வேலையில் 10 ஆள் இருந்தால் ஸ்தாபனத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி இருக்கின்றது. அது வாஸ்தவம். ஆனால் பதிவாவது மேலே இருக்கின்ற ஸ்தாபனம். அதன் கீழே 200 பேர் வேலை செய்கின்ற ஓரிடத்தில் ஐந்து மேஸ்திரிகள் ஆளுக்கு நாற்பது பேராக வைத்திருந்தால், பழைய சட்டப்படி ஐந்து பேரும் லைசென்சு வாங்கியாக வேண்டும். புதிய சட்டப்படி ஒருவரும் வாங்க வேண்டியதில்லை. ஆபத்து குறைந்துவிட்டதா? கான்கிரீட்டின் பளு குறைந்துவிட்டதா? உயரத்திலிருந்து விழுகின்றவன் நாற்பது பேரில் ஒருவனாக இருந்தால் மெதுவாக விழுவானா?

இதோடும் நிற்கவில்லை. பதிவுக்கு மனுப்போட்டுக் குறித்த காலத்தில் பதில் வராவிட்டால் பதிவாகிவிட்டதாகவே வைத்துக் கொள்ளலாம் என்கின்றது புதிய சட்டம். தாமதம் செய்கின்ற ஆபீசுக்கு இது நல்ல சாட்டை என்று சிலர் சொல்லலாம். நாம் சொல்லுவது, பதிவு என்பது பார்த்து அறிந்து செய்கின்ற காரியமாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு உண்டு என்பது. பாராமலே பதிவாகின்ற பெயருக்கும் சுவரில் ஒட்டின நோட்டீசுக்கும் வித்தியாசம் என்ன? இன்ஸ்பெக்டர் என்ற பெயரையும் மாற்றி, பரிசோதகரும் அவரே, உதவி செய்கின்றவரும் அவரே என்று ஆக்கியிருக்கின்றார்கள். யாருக்கு உதவி என்பதைப் பொறுத்திருந்து பார்க்க வேண்டும்.

90 நாள் சான்று

பதிவில்லாத மேஸ்திரியால் கூலியாளுக்கு வருகின்ற நஷ்டம் விபத்திலும் கூலியிலும் முடிந்து விடுவதில்லை. கட்டடம் கட்டுகின்றவர்களிடம் செலவில் நூற்றுக்கு ஒன்று வீதம் தீர்வை வாங்கி அந்தப் பணத்தைக் கட்டடத் தொழிலாளர் நலத்துக்குச் செலவிட வேண்டும் என்பது 1996 முதல் உள்ள ஏற்பாடு. நம் தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1982ல் செய்த உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1994ல் கட்டடத் தொழிலாளர் நலவாரியம் ஏற்பட்டது. விபத்து உதவி, பிள்ளைகள் படிப்பு, பிரசவம், கலியாணம், முதுமைப் பென்ஷன் ஆகியவற்றுக்கு இதில் வழி உண்டு.

ஆனால் அகில இந்தியச் சட்டப்படி அந்தப் பலனைப் பெற 18 வயதுக்கும் 60 வயதுக்கும் உட்பட்டு, முந்தின பன்னிரண்டு மாதத்தில் 90 நாளாவது கட்டட வேலை செய்தவனாக இருக்க வேண்டும். இந்த 90 நாளுக்குச் சாட்சி யார்? இன்றைக்கு ஒரு மேஸ்திரி, அடுத்த மாதம் இன்னொரு மேஸ்திரி, மழைக்காலத்தில் வேலையே இல்லை. பெயரில்லாத மேஸ்திரி எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவான்? போட்டால் நாளைக்குத் தானும் கணக்குச் சொல்ல வேண்டி வருமே என்று அவன் பின்வாங்குவான். எனவே கூலியாள் பதிவாவதற்கு முந்தி அவனுக்கு வேலை கொடுத்தவன் பதிவாக வேண்டியிருக்கின்றது.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2018ல் சுப்ரீம் கோர்ட்டு விசாரித்த வழக்கில் பார்த்தோம். நாடு முழுவதும் இந்தத் தீர்வையாக வசூலான தொகை 37,400 கோடி ரூபாய்க்கு மேல். தொழிலாளருக்குச் செலவானது சுமார் 9,500 கோடி. அதிலும் சலவை இயந்திரமும் மடிக்கணினியும் வாங்கியதாகக் கணக்கு எழுதின கூத்தைக் கோர்ட்டே எடுத்துச் சொல்லிற்று. கல் சுமக்கின்றவளின் பெயரில் வாங்கின பணம் பெட்டியில் கிடக்கின்றது. அவள் பெயர் எங்கும் இல்லாததால் அவள் கைக்கு அது போகவில்லை. 2020ல் ஊரடங்கின் போது லட்சக்கணக்கான வெளியூர்த் தொழிலாளர் நடந்தே ஊர் போனார்களே, வழியில் எத்தனை பேர் மாண்டார்கள் என்று அவ்வருஷம் செப்டம்பரில் பார்லிமெண்டில் கேட்டதற்கு, அப்படி ஒரு கணக்கு வைக்கப்படவில்லை என்று தொழிலாளர் இலாகா பதில் சொல்லவில்லையா?

வரிக்கு மாத்திரம் கண் தெரிகின்றது

"கடைசி மேஸ்திரி வரைக்கும் யாரால் பதிவு செய்ய முடியும்? அது நடவாத காரியம்" என்று பெரிய மனிதர்கள் சொல்லுவார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். வருமான வரி இலாகாவைப் பாருங்கள். சப் கண்டிராக்டருக்குப் பணம் கொடுக்கின்ற கண்டிராக்டர், சட்டம் சொல்லும் தொகைக்கு மேற்பட்டால், தனி நபராயிருந்தால் நூற்றுக்கு ஒன்றும் மற்றவர்களாயிருந்தால் இரண்டும் வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும். அவன் பான் எண் கொடுக்காவிட்டால் நூற்றுக்கு இருபது பிடிக்க வேண்டும். ஜி.எஸ்.டி.யில், கீழே இருக்கின்றவன் எண்ணோடு பில் கொடுத்தால்தான் மேலே இருக்கின்றவன் கட்டிய வரியைக் கழித்துக் கொள்ள முடியும். ஆகவே கண்டிராக்டர் தாமே ஓடியாடிச் சப் கண்டிராக்டரின் எண்ணைத் தேடி வாங்கி வைத்துக் கொள்ளுகின்றார். ஒருவரும் நடவாத காரியம் என்று சொல்லுவதில்லை.

இதிலிருந்து தெரிவது என்ன? சர்க்காருக்கு வரவேண்டிய ஒரு ரூபாயைத் தேடிப் போகும்போது எத்தனை படி கீழேயும் கண் தெரிகின்றது. கூலியாளுக்கு வரவேண்டிய ஒரு ரூபாயைத் தேடும்போது முதல் படியிலேயே கண் இருண்டு போகின்றது. பெயரைச் சொல்லாவிட்டால் மேலே இருக்கின்றவனுக்கு நஷ்டம் என்று ஏற்பாடு செய்தால் பெயர் தானாக வெளியே வரும்.

மற்ற தேசங்களில் இந்த ஏற்பாடு இருக்கின்றது. ஸ்பெயின் தேசத்தில் 2006ல் கட்டடத் தொழிலில் சப் கண்டிராக்டுக்கென்றே தனிச் சட்டம் செய்தார்கள். அதன்படி சப் கண்டிராக்டு மூன்று படிக்கு மேல் இறங்கக் கூடாது. விசேஷக் காரணங்களுக்கு மாத்திரமே விலக்கு. ஆட்களை மாத்திரம் சப்ளை செய்கின்றவன் வேலையை இன்னொருவனுக்குக் கைமாற்றவே கூடாது. வேலை எடுக்கின்ற ஒவ்வொரு கம்பெனியும் அதற்கான பதிவேட்டில் இருக்க வேண்டும். வேலை நடக்கின்ற இடத்தில் சப் கண்டிராக்டுப் புத்தகம் ஒன்று வைத்து, யார் எந்த வேலையை யாரிடமிருந்து எடுத்தான் என்று வரிசையாக எழுத வேண்டும். அந்தப் புத்தகத்தைப் பார்க்கத் தொழிலாளர் பிரதிநிதிக்கு உரிமை உண்டு.

ஜப்பானில் 1949லேயே கட்டடத் தொழில் சட்டம் வந்துவிட்டது. எடுத்த வேலையை அப்படியே மொத்தமாக இன்னொருவன் தலையில் கட்டிவிடுவதை அந்தச் சட்டம் பொதுவாகத் தடுத்திருக்கின்றது. கீழ்ப்படியில் ஒருவன் அடிபட்டால் நஷ்ட ஈட்டுக்கு முதல் கண்டிராக்டரையே எஜமானனாகக் கருதவேண்டும் என்பது 1947 முதல் அந்நாட்டுச் சட்டம். நம் நாட்டில் மட்டும் இந்தத் தத்துவம் இல்லையா என்றால், 1923ல் செய்த நஷ்ட ஈட்டுச் சட்டத்திலேயே வேலை கொடுத்த முதல் ஆசாமி பணம் கொடுத்துவிட்டுப் பிறகு கண்டிராக்டரிடம் வாங்கிக் கொள்ளலாம் என்று இருந்தது. புதிய தொகுப்பிலும் அது இருக்கின்றது. ஆனால் அந்த இடத்தில்தான் வேலை செய்தேன் என்று நிரூபிக்கக் கூலியாளிடம் என்ன இருக்கின்றது? பெயர்ப் பட்டியல் இல்லாத இடத்தில் அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஆட்சேபணைகளும் பதிலும்

சின்ன மேஸ்திரிகள் ஏழைகள், அவர்களும் கொத்தனாராக இருந்து வந்தவர்களே, அவர்களை ஆபீசு ஆபீசாக அலைய வைத்து லஞ்சத்துக்கு வழி செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இது நியாயமான கேள்வி. நாமும் மேஸ்திரியை அலைய வைக்கச் சொல்லவில்லை. அவர் பெயரை எழுதி ஒப்புவிக்கின்ற கடமையை அவருக்கு வேலை கொடுக்கின்ற பெரிய கண்டிராக்டர் மேல் போடச் சொல்லுகின்றோம். பரீட்சை வேண்டாம், கட்டணம் வேண்டாம், ஜாமீன் தொகை வேண்டாம். பெயர், விலாசம், எடுத்த வேலை, கூட இருக்கின்ற ஆட்களின் பெயர் இவ்வளவே போதும். பதிவாவதால் மேஸ்திரிக்கும் லாபம் உண்டு. தான் செய்த வேலைக்குக் கண்டிராக்டர் பணம் கொடுக்காமல் ஏமாற்றினால் இன்றைக்கு அவர் எந்தக் காகிதத்தை நீட்டுவார்?

செலவு ஏறும் என்பது அடுத்த ஆட்சேபணை. ஏறட்டும். இப்போது செலவு ஏறாமல் இருப்பது யாருடைய வயிற்றில் மண்ணடித்து என்பதை மேலே கணக்காகக் காட்டியிருக்கின்றோம். அதோடு இடையில் இருக்கின்ற இரண்டு கைகள் ஒழிந்தால் செலவு ஏறாமலும் இருக்கலாம்.

பதிவு வந்துவிட்டால் விபத்து நின்றுவிடுமா என்றும் கேட்பார்கள். நிற்காது. கம்பியைக் கெட்டியாகக் கட்டுவது கையெழுத்து அல்ல, கை. ஆனால் தன் பெயர் எழுதியிருக்கின்றது என்று தெரிந்த கை இரண்டு தரம் பார்த்துக் கட்டும்.

வேண்டுவது என்ன?

ஆகவே நாம் கேட்பது இவைதான். ஆள் எண்ணிக்கை 50 என்றாலும் 20 என்றாலும், ஓர் ஆளை வைத்து வேலை வாங்குகின்ற சப் கண்டிராக்டராயிருந்தாலும் அவர் பெயர் அந்த இடத்துப் புத்தகத்தில் ஏறவேண்டும். வேலை நடக்கின்ற இடத்தின் வாசலில் சொந்தக்காரர் பெயரோடு, இன்னின்ன வேலை இன்னார் எடுத்தது என்று பலகையில் தமிழிலும், வேலை செய்கின்றவர்களின் பாஷையிலும் எழுதி வைக்க வேண்டும். கூலியாளுக்கு நாள் குறித்த ஓர் அட்டை கொடுத்து, வேலை செய்த நாளைக் கூலி கொடுக்கும்போதே அதில் குறிக்க வேண்டும். அதுவே 90 நாளுக்குச் சாட்சியாகும். பெண்ணின் கூலி புருஷன் கையிலோ மேஸ்திரி கையிலோ போகாமல் அவள் கைக்கே போகவேண்டும். பெயர் எழுதாத ஆள் ஒருவன் அடிபட்டாலும் கூலி இழந்தாலும் அந்தப் பழி முழுவதும் முதல் கண்டிராக்டரையும் சொந்தக்காரரையும் சேரவேண்டும். புத்தகத்தைப் பார்க்கத் தொழிலாளர் சங்கத்துக்கு உரிமை வேண்டும். மத்தியச் சட்டம் 50 என்றாலும், இவற்றில் ஒரு ராஜ்ய சர்க்கார் தன் விதிகளாலும் தன் சொந்த வேலைகளின் ஒப்பந்த நிபந்தனைகளாலும் செய்யக்கூடியவை பல இருக்கின்றன. பொதுமராமத்து வேலைகளில் முதலில் செய்து காட்டட்டும்.

சர்க்காரை மாத்திரம் சொல்லிவிட்டு நிறுத்துவது யோக்கியமாகாது. வீடு கட்டுகின்ற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. வாசற்கால் எந்தத் திசை பார்க்க வேண்டும், அஸ்திவாரம் எந்த நாழிகையில் போட வேண்டும் என்று நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்கின்றீர்கள். உங்கள் வீட்டுக்கு மேல்தளம் போடப் போகின்றவன் பெயரை ஒரு தரமாவது கேட்டீர்களா? அவன் அழைத்து வந்த பத்துப் பேரின் பெயரைக் கேட்டீர்களா? சின்ன வீட்டுக்குச் சட்டம் விலக்குக் கொடுத்திருக்கின்றது என்றால், பெயர் கேட்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லையே! ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுதி வைப்பதற்கு என்ன செலவு?

கட்டட வேலை செய்கின்ற தோழர்களே! தாய்மார்களே! நீங்களும் சும்மா இருக்கலாகாது. வாரியத்தில் பெயர் கொடுங்கள். அட்டை வாங்குங்கள். புதிய இடத்தில் வேலைக்குப் போனால் மேஸ்திரி பெயரையும், அவருக்கு மேலே இருப்பவர் பெயரையும் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். சொல்ல மறுக்கின்ற இடத்தில் கூலியும் மறுக்கப்படும் என்று அறிந்து கொள்ளுங்கள். தனியாகக் கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் இருந்தால் பத்துப் பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

ஊரில் உள்ள மாளிகைகளுக்கெல்லாம் கட்டியவர் என்று கல்லில் பெயர் பொறிக்கின்றார்கள். பணம் கொடுத்தவர் பெயரும், திறந்து வைத்த மந்திரி பெயரும் அதில் இருக்கின்றன. சாந்து குழைத்தவள் பெயரைக் கல்லில் பொறிக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும் என்றுதான் கேட்கின்றோம். இதையும் செய்ய மாட்டோம் என்று சொல்லுகின்ற கண்டிராக்டரும் சர்க்காரும், எதை மறைப்பதற்காகச் செய்ய மாட்டோம் என்கின்றார்கள் என்பதைப் பொது ஜனங்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும்.